எதிர்பார்த்த தோல்வி

மார்ச் 3, திங்கள்

கேம்ப் ரோட்டில் கம்பெனி பஸ் ஏறும்போதே தலைவலி. மேடவாக்கத்தில் பஸ் நகராமல் நின்ற நேரத்தில் முன்ஸீட்டுப் பெண் முழு ஒப்பனையையும் முடித்துவிட்டாள். சிறுசேரியில் இறங்கி, மாடிக்குப் போய், சுவரில் தொங்கும் பெரிய திரையை நிமிர்ந்து பார்த்தால் — மறுபடியும் சிவப்பு.

அதே சோதனை. அதே ஃபோன்கள்.

விவரமாகவே எழுதிவைக்கிறேன். பிற்பாடு ஒருநாள் 'எனக்கு அப்போது சரியாகப் புரியவில்லை' என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொள்ளக் கூடாது.

நாங்கள் செய்வது தனியாக இருக்கும் முதியவர்களுக்கான ஆப். கழுத்தில் டாலர் மாதிரி ஒரு பட்டன் தொங்கும். விழுந்தால், மூச்சு முட்டினால், அமுக்க வேண்டும். அமுக்கினால், பார்த்துக்கொள்ளும் ஆளின் ஃபோன் அலற வேண்டும். சைலண்ட்டில் இருந்தாலும் அலற வேண்டும். அவ்வளவுதான் ஆப். மற்றதெல்லாம் ஜிகினா.

எங்கள் மாடியில் ஒரு அலமாரி நிறைய ஃபோன்கள். தினமும் அவற்றில் எங்கள் சோதனைகள் தானாக ஓடும். காலையில் திரையில் பாஸ் பச்சையாகவும் ஃபெயில் சிவப்பாகவும் தெரியும். மேல்தட்டில் இருக்கிற விலையுயர்ந்த ஃபோன்கள் எல்லாம் பாஸ். கீழ்த்தட்டில் இரண்டு மலிவு மாடல்கள். திரை அணைந்து கொஞ்ச நேரம் போனால், பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று அவை எங்கள் ஆப்பைத் தூங்க வைத்துவிடுகின்றன. அலாரம் வருவதில்லை. யாராவது ஃபோனைக் கையில் எடுத்துத் திறந்தால்தான் வருகிறது. வந்து என்ன பிரயோசனம்?

அந்தப் பகுதியை எழுதும் தோத்தாத்ரி ஒரு வழி வைத்திருக்கிறார். அலாரத்துக்குப் பதில் வராவிட்டால் சர்வரிலிருந்து சாதாரண ஃபோன் கால் ஒன்று போகட்டும் என்கிறார். எந்த மட்டமான ஃபோனும் காலுக்கு எழுந்துகொள்ளும். இரண்டு வாரம் கொடுத்தால் முடித்துத் தருவாராம். மேனேஜர் ஹரிபிரசாத் அடுத்த குவார்ட்டரில் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். சொல்லும்போது அவர் தன் ஃபோனிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

மார்ச் 5, புதன்

இன்று ஹரி என் ஸீட்டுக்கே வந்தார். அவர் வருவதற்கு முன்னால் அவருடைய சென்ட் வந்துவிடும்.

"ஜெயஸ்ரீ, அந்த ரெண்டு மாடலையும் எக்ஸ்பெக்டட் ஃபெயில்னு மார்க் பண்ணிடுங்க. வெள்ளிக்கிழமை ஒப்பந்தம் போடற ஆஸ்பத்திரிக்காரங்க வராங்க. போர்டு க்ரீனா இருக்கணும்."

எதிர்பார்த்த தோல்வி. எங்கள் தொழிலில் அப்படி ஒன்று உண்டு. 'இந்த ஃபோனில் இந்தச் சோதனை தோற்கும், எங்களுக்கு முன்பே தெரியும்' என்று குறித்து வைப்பது. குறித்துவிட்டால், அது தோற்றாலும் தோல்விக் கணக்கில் சேராது. திரையில் பச்சைதான். அது கெட்ட பழக்கம் இல்லை. ஒரு பழைய டேப்லெட்டில் எழுத்து கொஞ்சம் கோணலாக விழும். யார் சரிசெய்வது, எப்போதைக்குள் என்று எழுதி நானே குறித்திருக்கிறேன். எழுத்து கோணினால் யாரும் சாக மாட்டார்கள்.

இது அலாரம்.

அந்த ஃபோன்களை யார் வைத்திருப்பார்கள் என்று யோசித்தீர்களா என்று கேட்டேன். நம் கஸ்டமர் யார் என்று அவர் திருப்பிக் கேட்டார். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள்தானே, அவர்கள் ஃபோனில் பாஸ் ஆகிறதே. வீட்டில் கூட இருந்து பார்த்துக்கொள்கிற ஆயாம்மாவின் கையில் இருப்பது கீழ்த்தட்டு ஃபோன்தான் என்றேன்.

"அது எட்ஜ் கேஸ்," என்றார். அபூர்வமாக நடக்கும் ஓரத்துச் சங்கதியாம்.

கடல் தாண்டி இருக்கிறவன் நடுவில். அடுத்த அறையில் இருக்கிறவள் ஓரத்தில். இதைச் சொல்லிவிட்டு ஒரு மனுஷன் போய் நிம்மதியாகக் காபி குடிக்கிறான்.

மார்ச் 6, வியாழன்

போட்டுவிட்டேன். காரணம் என்ற இடத்தில் 'ஃபோன் தயாரிப்பாளரின் குறைபாடு' என்று எழுதச் சொன்னார். எழுதினேன். திரை பச்சை. சீ.

மார்ச் 7, வெள்ளி

ஆஸ்பத்திரிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பச்சையைப் பார்த்து ஒருவர் கை தட்டினார்.

சாயங்காலம் கேக். யாரோ புத்திசாலித்தனமாகப் பச்சை கிரீம் போட்டு வாங்கி வந்திருந்தார்கள். வெட்டி, ஒருவர் வாயில் ஒருவர் ஊட்டி, கன்னத்தில் பூசி. என் கையிலும் ஒரு துண்டைத் திணித்தார்கள். கிரீம் விரலிடுக்கில் உருகி ஒழுகியது. டிஷ்யூவில் துடைத்தால் போகவில்லை. சோப்புப் போட்டுக் கழுவினேன், நகக்கண்ணில் மட்டும் நின்றது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதைச் சுரண்டிக்கொண்டே வந்தேன்.

நானும் ஒரு வாய் சாப்பிட்டேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

மார்ச் 19, புதன்

ருசி கண்டுவிட்டார்கள். எது தோற்றாலும் இப்போது ஒரே வார்த்தை: 'எக்ஸ்பெக்டட் போடு.' பட்டனில் பேட்டரி குறைந்தால் எச்சரிக்கை வர வேண்டும், வரவில்லை — எக்ஸ்பெக்டட். தமிழில் வரும் செய்தி பாதியில் வெட்டுப்படுகிறது — எக்ஸ்பெக்டட். யார் சரிசெய்வது என்ற இடம் எல்லாவற்றிலும் காலி.

இன்று தோத்தாத்ரியும் தன்னுடையது ஒன்றுக்குப் போட்டார். டீ குடிக்கப் போன இடத்தில் கேட்டுவிட்டேன்: நீங்களுமா? அவர் கப்பைப் பார்த்துக்கொண்டே, நீதானே முதலில் போட்டாய் என்றார்.

டீயைப் பாதியில் வைத்துவிட்டு மேலே வந்தேன்.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு. மாங்காய்ப் பச்சடி, வடை, மாமனார் வீட்டு ஆட்கள் எல்லோரும். மத்தியானம் ஐஸ்கிரீம் வாங்கக் கேம்ப் ரோடு வரை போனோம். ஆட்டோக்களின் முதுகில் எங்கள் விளம்பரம். வெள்ளைத் தலைப் பாட்டி ஒருத்தி சிரிக்கிறாள், கழுத்தில் பட்டன். 'அமுக்கினால் போதும், ஆள் வந்துவிடும்.' முதலில் தாம்பரத்தைச் சுற்றித்தான் விற்கிறார்கள். செம்பாக்கம், சேலையூர், மாடம்பாக்கம் — பிள்ளைகள் வெளிநாட்டில், பெற்றோர் தனி வீட்டில். எங்கள் தெருவிலேயே எத்தனை வீடு அப்படி.

சிக்னலில் அந்த ஆட்டோவுக்குப் பின்னாலேயே நின்றோம். பாட்டி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

தயாளனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் கணவருக்கு வேளச்சேரி சாலையில் ஹார்ட்வேர் கடை. எதையும் இரண்டு நிமிஷத்துக்கு மேல் மனதில் வைத்திருக்க மாட்டார். "நீ போடலன்னா வேற எவனாவது போட்டிருப்பான். வுடு," என்றார். அப்புறம் ஐஸ்கிரீம் உருகுகிறது என்று வண்டியை விரட்டினார்.

எல்லோரும் சொல்கிற வாக்கியம்தான். நான் போடாமல், வேறொருவன் போட்டிருந்தால் — அவனை நான் என்ன சொல்லித் திட்டியிருப்பேன்?

மே 8, வியாழன்

வெளியே மண்டை பிளக்கும் வெயில். உள்ளே ஏசியில் ஆளாளுக்கு ஸ்வெட்டர்.

மதியம் ஒரு புகார் என்னிடம் வந்தது. ராஜகீழ்ப்பாக்கம். பட்டாபிராமன் என்று ஒரு பெரியவர், ரயில்வேயில் இருந்து ரிட்டயர் ஆனவர். மனைவி இல்லை. மகன் அமெரிக்காவில். கூடவே தங்கிப் பார்த்துக்கொள்ள ஒரு அம்மா. போன வாரம் பகலில் பெரியவர் பாத்ரூமில் வழுக்கி விழுந்திருக்கிறார். பட்டனை அமுக்கியிருக்கிறார். திரும்பத் திரும்ப அமுக்கியிருக்கிறார். அந்த அம்மா மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாராம். இறங்கி வந்து மணி பார்க்க ஃபோனை எடுக்கும்வரை அலாரமே வரவில்லை என்கிறார். இடுப்பெலும்பு முறிந்து குரோம்பேட்டையில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் பெரியவர்.

அந்த அம்மாவின் ஃபோன் என்ன மாடல் என்று கீழே போட்டிருந்தது.

பார்க்காமலே தெரிந்துவிட்டது. இருந்தும் பார்த்தேன். பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வாந்தியெடுத்தேன். காலையில் சாப்பிட்ட பொங்கல்.

மே 9, வெள்ளி

ஹரியும் இன்னும் இரண்டு பேரும் ஒரு சின்ன அறையில் என்னை உட்காரவைத்தார்கள். வாடிக்கையாளருக்குப் போக வேண்டிய பதிலுக்கு நான் டெஸ்டிங் பக்கத்திலிருந்து ஒப்புதல் தர வேண்டும். பதில் ஏற்கெனவே தயார். 'அலாரம் அனுப்பப்பட்டது. ஃபோனில் சேர்ந்தது. செயலி எதிர்பார்த்தபடி இயங்கியது.'

சேர்ந்தது உண்மைதான். எப்போது சேர்ந்தது? அந்த அம்மா மாடியிலிருந்து இறங்கி, மணி பார்க்க ஃபோனைக் கையில் எடுத்தபோது சேர்ந்தது. அதுவரை பெரியவர் ஈரத் தரையில். சர்வரில் 'சேர்ந்தது' என்று இருக்கிறது; எப்போது என்று யாரும் கேட்கவில்லை. கேட்காதவர்களுக்கு நாங்களாகச் சொல்வதில்லை.

எதிர்பார்த்தபடி. அந்த வார்த்தையைப் பார்க்கப் பார்க்க எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆமாம், எதிர்பார்த்தபடிதான். ஃபோன் ஊமையாக இருக்கும் என்று எதிர்பார்த்தோம், இருந்தது.

நான் ஒப்புதல் தர மாட்டேன் என்றேன். ஹரி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட மரியாதை வந்திருக்கும். நீங்கள் டயர்டாக இருக்கிறீர்கள், வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்கள் என்றார். நான் வெளியே வருவதற்குள் அந்தப் பதில் போய்விட்டது. வேறொரு பெயரில்.

புகாரை எடுத்த பெண்ணிடம் கேட்டேன், அந்த அம்மா என்ன ஆனார் என்று. வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களாம். அலாரத்தை அணைத்துவிட்டு மேலே போய் யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள் என்று மகன், ஆள் அனுப்பும் ஏஜென்சியில் எழுதிக்கொடுத்திருக்கிறாராம். இனி வேறு எந்த வீட்டுக்கும் அனுப்ப மாட்டார்கள்.

வரும்போது அலமாரியிலிருந்து ஒரு டெமோ பட்டனை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் எடுத்திருப்பேன்.

மே 10, சனி

ராஜகீழ்ப்பாக்கம் வீட்டுக்குப் போனேன். மகன் சம்பத் வந்திருக்கிறார். என் வயதுதான் இருக்கும். தூக்கமில்லாத கண். மரியாதையாகத் தண்ணீர் கொடுத்தார்.

கம்பெனியிலிருந்து வருகிறேன், அலாரத்தைப் பற்றிக் கேட்க வேண்டும் என்றேன். உங்கள் கம்பெனிதான் பதில் அனுப்பிவிட்டதே, அலாரம் போயிருக்கிறதே என்றார். அந்த அம்மாவின் ஃபோன் அலறுவதைப் பக்கத்து வீட்டார் காதால் கேட்டிருக்கிறார்களாம். கையில் எடுத்தவுடன் அலறியிருக்கிறது — விட்டுப்போன அலாரம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக. அதைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

உங்கள் ஃபோனுக்கும் வந்திருக்குமே என்று கேட்டேன். அவர் முகம் மாறியது.

"அங்க நடுராத்திரி. நான் ஆஃப் பண்ணிட்டுத்தான் தூங்குவேன். அதுக்குத்தானே ஆள் போட்டிருக்கு?"

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லிவிட்டிருக்கலாம். ஆபீஸில் பேசிய வாய் அந்தக் கூடத்தில் ஒட்டிக்கொண்டது. அந்த அம்மாவிடம் சில விவரம் சரிபார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லி, பெயரும் நம்பரும் வாங்கிக்கொண்டேன். முத்தாலம்மாள். கோவளம் குப்பம்.

ஃபோன் செய்தேன். யார் என்றதும் வைத்துவிட்டார். மறுபடி செய்தேன். வா, வந்து பார் என்றார். அழைப்பா சண்டையா தெரியவில்லை.

மே 11, ஞாயிறு

கோவளம் போகிறேன் என்று தயாளனிடம் சொன்னதும், வேலை போய்விடும் தெரியுமா என்றார். தெரியும் என்றேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு வண்டிச் சாவியை எடுத்தார். வெயிலில் உன்னைத் தனியாக ஸ்கூட்டரில் விடுவதற்கில்லை என்று முணுமுணுப்பு. வண்டலூர் கேளம்பாக்கம் சாலையைப் பிடித்து, உப்பளங்களைத் தாண்டி, கோவளம்.

குப்பத்துக்குள் நுழைந்ததும் கருவாட்டு வாடை. என்னையறியாமல் துப்பட்டாவை மூக்குக்குக் கொண்டுபோனேன். வாசலில் நின்ற முத்தாலம்மாள் அதைப் பார்த்துவிட்டார். கையை இறக்கினேன். என்மேலேயே வெறுப்பு வந்தது — ஹரியின் சென்ட்டுக்கு ஒருநாளும் மூக்கைப் பொத்தாதவள் நான்.

ஐம்பது வயதிருக்கும். பருத்த, உரத்த பெண்மணி. முன்பு தலையில் கூடை வைத்து மீன் விற்றவர். முட்டி தேய்ந்த பிறகு இந்த வேலைக்கு வந்திருக்கிறார். உட்காரச் சொல்லவில்லை.

"இன்னா கேக்கணும் கேளு. நான் அணைக்கல. ஃபோனு என் இடுப்புலதான் இருந்துச்சு. துணியப் போட்டுகினு இருந்தேன். எறங்கி வந்து டயம் பாக்க எடுத்தேன், அப்பதான் கத்துச்சு, கத்திகினே கீது. ஓடிப் போய்ப் பார்த்தா பெரியவரு தரையில கெடக்குறாரு. இதத்தான் எல்லாராண்டயும் சொன்னேன். ஒருத்தனும் நம்பல."

நான் நம்புகிறேன் என்றேன். டெமோ பட்டனை அவர் ஃபோனோடு இணைத்தேன். அமுக்கினேன், ஃபோன் கையில் அலறியது. பார்த்தியா, கத்துதே என்பதுபோல் என்னை முறைத்தார். பிறகு ஃபோனை ஸ்டூலின்மேல் வைத்துவிட்டுக் காத்திருக்கச் சொன்னேன். திரை அணைந்தது. தயாளன் வாசலில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டில் டிவி. போதும் என்று தோன்றியபோது பட்டனை அவர் கையில் கொடுத்தேன்.

அமுக்கினார். ஒன்றும் இல்லை. மறுபடி அமுக்கினார். கட்டைவிரல் வெளுக்கிற அளவுக்கு அமுக்கினார். ஸ்டூலின்மேல் அந்த ஃபோன் கல்லு மாதிரி கிடந்தது.

அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. நிதானமாகத்தான் கேட்டார்.

"இது கத்தாதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

தெரியும் என்றேன்.

"உனுக்கு?"

எனக்கும் தெரியும். நான்தான் அதைக் குறித்து வைத்தேன் என்றேன்.

பட்டனை ஸ்டூலில் வைத்தார். "என்னாண்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேமா. இந்த ஃபோனுக்குக் கத்தாது, அத நம்பாதன்னு. நான் மாடிக்கே போயிருக்க மாட்டேனே. துணி எங்க வோணா காயும்."

ஒரு வார்த்தை. இரண்டு மாதமாக நான் குறித்தது, சண்டை போட்டது, வாந்தியெடுத்தது, இங்கே எழுதிக் கிழித்தது எல்லாம் இருக்கிறது. அந்த ஒரு வார்த்தையை அது யாருக்குத் தேவையோ அவரிடம் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லையே. ஆப்பைத் திறந்தவுடன் வருகிற முதல் திரையில் எழுதியிருக்கலாம். பச்சையா சிவப்பா என்றே அடித்துக்கொண்டிருந்தோம்.

நாளைக்கு ஆஸ்பத்திரிக்குத் தன்னோடு வந்து, மகனிடம் இதையே செய்து காட்ட வேண்டும் என்றார். கேட்கவில்லை, சொன்னார்.

மே 12, திங்கள்

லீவு போட்டேன். குரோம்பேட்டை ஆஸ்பத்திரி வாசலில் முத்தாலம்மாள் எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார். நல்ல புடவை, தலையில் பூ. சண்டைக்குப் போகிற மாதிரியும் கல்யாணத்துக்குப் போகிற மாதிரியும் இருந்தது.

சம்பத் அவரைப் பார்த்ததும் எழுந்து கதவை மறித்தார். கட்டிலில் இருந்து பெரியவர்தான், வரட்டும் என்றார். மெலிந்த குரல். கழுத்தில் இன்னும் அந்தப் பட்டன்.

நான் சொன்னேன், இரண்டு ஃபோனையும் மேசைமேல் வையுங்கள். சம்பத்தின் ஃபோன், முத்தாலம்மாளின் ஃபோன், பக்கத்தில் பக்கத்தில். காத்திருந்தோம். நர்ஸ் வந்து ஜுரம் பார்த்துவிட்டுப் போனாள். பிறகு பெரியவரை அமுக்கச் சொன்னேன்.

சம்பத்தின் ஃபோன் அலறியது. அந்தச் சின்ன அறையில் காதைக் கிழித்தது. பக்கத்து அறையிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். மற்ற ஃபோன் இருட்டாகவே இருந்தது. சம்பத் தன்னுடையதை நிறுத்திவிட்டு, இதையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் முத்தாலம்மாள் அதைக் கையில் எடுத்தார். எடுத்தவுடன் அலறியது.

"நான் சொன்னேனே," என்றார் பெரியவர். "அவளுக்குக் கேட்டிருந்தா வந்திருப்பா. உன்கிட்ட அன்னிக்கே சொன்னேன் சம்பத்து. நீ கம்ப்யூட்டர்ல போட்டிருக்குன்னுட்ட."

சம்பத் என் பக்கம் திரும்பினார். இது உங்கள் கம்பெனிக்கு முன்பே தெரியுமா? தெரியும். யார் விட்டது? மேனேஜர் சொன்னார், போட்டது நான் என்றேன். வேறு எதுவும் சேர்க்கவில்லை. அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே — செருப்பில் ஒட்டியதைப் பார்க்கிற மாதிரி. அது சரியான பார்வைதான். ரொம்ப நாளாக அதற்குத்தான் காத்திருந்தேனோ என்னவோ.

முத்தாலம்மாள் எனக்கு நன்றி எதுவும் சொல்லவில்லை. நல்லவேளை. சம்பத்திடம் மட்டும் சொன்னார்: "ஏஜென்சியாண்ட நீ எழுதிக் குடுத்த இல்ல, அதே கையால மாத்தி எழுதிக் குடு. எழுதிக்கினு வா, நான் இங்கயே உக்காந்து இருக்கேன்."

உட்கார்ந்தார். பெரியவரின் போர்வையைச் சரிசெய்தார். சம்பத் எழுதப் போனார்.

மே 16, வெள்ளி

சம்பத்தின் புகார், எங்களோடு ஒப்பந்தம் போட்ட ஆஸ்பத்திரிக்கே நேராகப் போயிருக்கிறது. ஆபீஸில் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. லிஃப்டில் நான் ஏறியதும் ஒருத்தி இறங்கிக்கொண்டாள்.

மீட்டிங்கில் ஹரி பேசினார். ஒரு தனிப்பட்ட டெஸ்டர், தன் பொறுப்பில், முக்கியமான ஒரு சோதனையைத் தவறாகக் குறித்துவிட்டார், மேனேஜ்மெண்ட்டுக்குத் தெரியவில்லை. குறித்த இடத்தில் இருப்பது என் பெயர்தான். வாயால் சொன்னதற்குப் பெயர் இருக்காது. தோத்தாத்ரியைப் பார்த்தேன். அந்த அறையில் உண்மை தெரிந்த இன்னொரு ஆள். அவர் லேப்டாப்பில் எதையோ டைப் அடித்துக்கொண்டிருந்தார். ஒன்றுமே இல்லாத பக்கத்தில், வெறும் எழுத்துகள். பின்னாலிருந்து எனக்குத் தெரிந்தது.

மே 20, செவ்வாய்

எச்.ஆரில் ஒரு பெண் கூப்பிட்டு என் குற்றங்களைப் படித்தாள்: கம்பெனிப் பொருளை அனுமதியின்றி வெளியே எடுத்துப் போனது, வாடிக்கையாளரைத் தனியாகச் சந்தித்தது. நானே விலகுவதாக எழுதிக் கொடுத்தால் எல்லோருக்கும் நல்லது என்றாள் அந்தப் பெண். சிரித்துக்கொண்டே சொன்னாள். பல் எல்லாம் அப்படி வரிசையாக இருந்தது.

எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் 'சொந்தக் காரணங்கள்' என்று எழுதச் சொன்னாள். மாட்டேன் என்றேன். காலியாக விட்டேன்.

சாயங்காலம் தயாளன் சேலையூரிலிருந்து பரோட்டா வாங்கி வந்தார். நான் மூன்று சாப்பிட்டேன். இரண்டு மாதத்தில் இன்றுதான் சாப்பாடு இறங்குகிறது.

ஜூன் 11, புதன்

தோத்தாத்ரியிடமிருந்து மெசேஜ். 'ஃபோன் கால் போகிற மாதிரி செய்துவிட்டேன். எல்லா மாடலிலும் பாஸ். நீ போட்ட எக்ஸ்பெக்டட் மார்க்கை எடுத்துவிட்டேன்.' அதற்குக் கீழே, கொஞ்ச நேரம் கழித்து: 'அன்றைக்கு நான் பேசியிருக்க வேண்டும்.'

முதலிலேயே கேட்டிருந்த அந்த இரண்டு வாரம்தான் ஆகியிருக்கிறது. ஒரு கிழவரின் இடுப்பெலும்பு முறிந்த பிறகு கிடைத்த இரண்டு வாரம்.

ஹரிக்குப் ப்ரமோஷனாம். அதையும் தோத்தாத்ரியே சொன்னார். பதில் போடவில்லை.

ஜூலை 2, புதன்

பெருங்குடியில் ஒரு இன்டர்வியூ. பழைய வேலையை ஏன் விட்டீர்கள் என்றார்கள். நடந்ததைச் சொன்னேன். இரண்டு பேரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள். பிறகு கூப்பிடுகிறோம் என்றார்கள். கூப்பிட மாட்டார்கள்.

திரும்பி வரும் வழியில் பள்ளிக்கரணையில் நல்ல மழை. பொய் சொல்லியிருக்கலாமோ என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதே அசிங்கமாக இருந்தது.

ஆகஸ்ட் 9, சனி

குரோம்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்து ஒரு வாரம். சம்பளம் குறைவு, ஃபேன்தான், ஏசி இல்லை. ஆஸ்பத்திரி ஸ்டோருக்கான சாஃப்ட்வேர். அங்கேயும் எதிர்பார்த்த தோல்விகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தேன். சிலவற்றில் பெயர் இருக்கிறது, சிலவற்றில் இல்லை. இல்லாதவற்றை யாருடையது என்று கேட்டுக் கேட்டு எல்லோருக்கும் என்மேல் எரிச்சல். படட்டும்.

பத்து மணி இருக்கும், கிச்சனில் இருந்தேன், முத்தாலம்மாள் ஃபோன் செய்தார். மே மாதத்துக்குப் பிறகு இப்போதுதான் குரலைக் கேட்கிறேன். பெரியவர் வீட்டுக்கு வந்துவிட்டாராம். வாக்கரைப் பிடித்து நடக்கிறாராம். மகன் கெஞ்சிக் கேட்டு இவர் திரும்பப் போயிருக்கிறார். இதையெல்லாம் சொல்ல அவர் கூப்பிடவில்லை.

"ஏம்மா, உங்க பட்டனு ஒரே பேஜாரா கீது. பெரியவரு காபி வோணும்னா அமுக்குறாரு, பேப்பரு வரலன்னா அமுக்குறாரு. அலாரம் வரலன்னா காலு வருது. காய் வாங்கப் போனா மார்க்கெட்டே திரும்பிப் பாக்குது. சத்தத்தக் கொறைக்க வழி இன்னா?"

வழி இல்லை என்றேன்.

ஒண்ணும் பண்ண முடியாதா என்றார். முடியாது என்றேன். அவர் பக்கத்தில் எங்கேயோ மறுபடியும் அது அடிக்க ஆரம்பித்தது. தோ வந்துட்டேன் பெரியவரே என்று கத்தியபடியே வைத்துவிட்டார்.